ஏரிக்கரையும் ஒரு மலைதான், தெரியுமா?

எஞ்சின் கிடையாது. விசிறி கிடையாது. ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது. ஆனாலும் 2021 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் பார்க்கர் மலை முகட்டில், ஸ்பென்சர் லிசன்பி என்பவர் பறக்கவிட்ட ரேடியோ கிளைடர் மணிக்கு 882 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது, தெரியுமா? நாம் டிக்கெட் எடுத்து ஏறுகிற ஜெட் விமானத்தின் வேகம் அது! மலைமுகட்டைத் தாண்டி அடிக்கிற காற்றை மட்டுமே நம்பி, ஆள் கையால் தூக்கி எறிந்த ஒரு விமானம் அங்கே போய் நின்றிருக்கிறது.

அதைவிட என்னை அசத்துகிற சங்கதி ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. மலை இல்லாத ஊர். தரை தட்டையாகக் கிடக்கும். சூறைக்காற்றும் வேண்டாம், பனையோலை சலசலக்கிற காற்று போதும். சிப்காட்டில் முதல் ஷிப்டை முடித்துவிட்டு வருகிற ஒருவர், ஊர் ஏரிக்கரையில் நின்று, 200 கிராம்கூட எடையில்லாத ஒரு கிளைடரை வீசி, கரையின் நீளத்துக்கு அதை முன்னும் பின்னும் ஓட்டி, கடற்காற்று இருக்கிறவரை கீழே இறக்காமல் வைத்திருக்கலாம். மோட்டாரே இல்லாமல்! இதற்கு எந்தக் கிளைடரை வாங்குவது, எதை வாங்கவே கூடாது, எவ்வளவு செலவாகும் என்பதற்குள் எத்தனை அதிசயங்கள் ஒளிந்திருக்கின்றன பாருங்கள்.

முதலில் காற்று. கிடையாக வருகிற காற்றுக்கு முன்னால் ஒரு சரிவு வந்து நின்றால் அது என்ன செய்யும்? வேறு வழி இல்லை, மேலே ஏறும். கிளைடர் என்பது தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் எப்போதும் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இலேசாகச் செய்த ஒன்று விநாடிக்கு ஏறக்குறைய அரை மீட்டர் இறங்கும். அதைச் சுமக்கிற காற்று விநாடிக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது என்றால், கிளைடர் அரை மீட்டர் மேலே போகிறது. இவ்வளவுதான் கணக்கு! இந்தக் கணக்கை நம்பித்தான் ஆர்வில் ரைட் 1911 அக்டோபர் 24 அன்று வட கரோலைனாவின் கில் டெவில் மணல்மேட்டில் 9 நிமிடம் 45 விநாடி எஞ்சின் இல்லாமல் காற்றில் நின்றார். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அந்தச் சாதனையை எவராலும் முறியடிக்க முடியவில்லை.

அந்த மேடாவது இயற்கை கொடுத்தது. ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் மலை இல்லை என்று அவர் சோர்ந்துபோகவில்லை. 1894-இல் பெர்லினுக்கு அருகே லிக்டர்ஃபெல்டேயில் மண்ணைக் கொட்டிச் சொந்தமாக ஒரு மலையையே எழுப்பிக்கொண்டார்! உயரம் வெறும் 15 மீட்டர். கூம்பு வடிவம். அதனால் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கு எதிர்முகமாக ஒரு சரிவு தயாராக இருக்கும். மனிதன் பறக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றின் மிக முக்கியமான பக்கங்கள் சில, ஐந்து மாடிக் கட்டட உயரமுள்ள ஒரு மண்மேட்டின் மேல் எழுதப்பட்டவை.

இப்போது திருவள்ளூர் மாவட்டத்துக்கு வாருங்கள். மண்ணைக் கொட்டி மேடு எழுப்ப நாம் லிலியன்தாலுக்காகக் காத்திருக்கவில்லையே! பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் ஊர்க்காரர்கள் கிலோமீட்டர் கணக்கில் எழுப்பி வைத்துவிட்டார்கள். அவைதான் ஏரிக்கரைகள்.

இதில் பெரிய ஆச்சரியம் கரைகளின் திசை. இந்த மாவட்டத்து நிலம் மேற்கே உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கித் தாழ்ந்துகொண்டே போகிறது. மழைநீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அதை மறித்து நிறுத்த வேண்டுமென்றால் கரையைக் கிழக்குப் பக்கம்தான் போட வேண்டும். அதனால் பெரும்பாலான ஏரிகளில் தண்ணீர் மேற்கே, கரை கிழக்கே, கரையைத் தாண்டினால் வயல். சரி, கோடைப் பிற்பகலில் கடற்காற்று எங்கிருந்து வருகிறது? கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும்! திறந்த வயல்வெளியைக் கடந்து நேராக வந்து கரையின் வெளிச்சரிவில் மோதுகிறது. தண்ணீருக்காகப் போட்ட கரை, காற்றுக்கும் அளந்து போட்டதுபோல் அமைந்துவிட்டது.

இன்னும் இருக்கிறது. பல கரைகள் நேர்க்கோடாக இல்லாமல் பிறைபோல வளைந்திருக்கும். வளைவின் புடைப்பு கிழக்கே பார்க்கும். காற்று வடகிழக்காகத் திரும்பினால் கரையின் வடகோடிக்கு நடங்கள், தென்கிழக்கானால் தென்கோடிக்கு நடங்கள். லிலியன்தால் கூம்பு கட்டிச் சாதித்ததில் பாதி இங்கே இனாம். தென்மேற்குப் பருவக்காலத்துக் காலை நேரத்தில் மேல்காற்று வீசினால் அப்படியே திரும்பி நின்றுகொள்ளலாம். அப்போது காற்று ஏரியின் நீர்ப்பரப்பு முழுவதையும் கடந்து உள்சரிவில் வந்து ஏறும். மரமும் வீடும் குறுக்கிடாத நீரின் மேல் வரும் காற்று குலுங்காமல் வரும். இதைவிடச் சுகமான காற்று சிறிய கிளைடருக்குக் கிடையாது. ஆனால் தவறினால் தண்ணீரில்தான் விழும், அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களை நினைவிருக்கிறதல்லவா? அவர்கள் நாட்டின் கரையோரமும் தட்டைதான். இன்று அங்கே மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்கள் எங்கே போகிறார்கள் தெரியுமா? கடலைத் தடுக்கக் கட்டிய மண்ணணைகளுக்கும் மணற்குன்றுகளுக்கும்! ஏரிக்கரையில் கிளைடரா என்று யாராவது சந்தேகப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரு சாதாரண ஊர் ஏரிக்கரை நாலைந்து மீட்டர்தான் உயரம். அது தூக்கிவிடும் காற்றுப் பட்டையும் சிறியது. கரைக்கு மேலே கரையின் உயரத்தைப்போல ஒன்றிரண்டு மடங்கு வரைதான் நம்பலாம். விநாடிக்கு 3 மீட்டர், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது, சரிவு இரண்டுக்கு ஒன்று வாட்டத்தில் இருக்கிறது என்றால், சரிவை ஒட்டிய காற்று விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஏறும். மேலே போகப் போகக் குறையும். இந்தக் குறுகிய பட்டைக்குள்ளேயே கிளைடர் ஓட வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி ஓட வேண்டும். வாங்கப் போகிற கிளைடரைத் தீர்மானிப்பது இந்தப் பட்டைதான். கடைக்காரரின் பேச்சோ பெட்டியின் மேல் அச்சிட்ட படமோ அல்ல.

இங்கேதான் விமானம் பறக்கவிடுகிறவர்கள் ஓயாமல் பேசுகிற ஒரு எண் வருகிறது. விங் லோடிங், அதாவது இறக்கைச் சுமை. ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கை எத்தனை கிராமைச் சுமக்கிறது? கணக்குப் போடுவது சுலபம். ஒரு மீட்டர் நீளமும் 18 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இறக்கைக்கு 18 சதுர டெசிமீட்டர் பரப்பு. கிளைடரின் மொத்த எடை 270 கிராம் என்றால் சுமை 15. அதே அளவு இறக்கையில் 540 கிராம் ஏற்றினால் 30.

எடை இருமடங்கானால் என்ன ஆகும் தெரியுமா? விழாமல் பறக்கத் தேவையான வேகம் இருமடங்காகாது. 1.4 மடங்குதான் ஆகும். சுமை 15 என்றால் மணிக்கு 20 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும். 30 என்றால் 28 கிலோமீட்டர் வேண்டும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் திரும்புகிற வட்டம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே எடை இருமடங்கானால் வட்டத்தின் ஆரமும் சரியாக இருமடங்காகிவிடும்! நாலு மீட்டரில் திரும்பியது எட்டு மீட்டர் கேட்கும். நாலைந்து மீட்டர் கரையின் காற்றுப் பட்டையில் எட்டு மீட்டர் ஆரத்துக்கு எங்கே போவது? பட்டையை விட்டு வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும். வெளியே போனால் இறங்கும். இரண்டாவது திருப்பத்தில் வயலில் கிடக்கும். கீழே இறங்குகிற வேகமும் அதே 1.4 மடங்கு கூடிவிடும் என்பதால் அடி இரட்டையாக விழுகிறது.

நம் ஊர் வெயில் வேறு இதில் கை வைக்கிறது. 15 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. 35 டிகிரி வெயிலில் அது 1.146 கிலோவாகக் குறைகிறது. கிட்டத்தட்ட 6 சதவீதம்! ஐரோப்பாவில் இலேசாக மிதந்த அதே கிளைடர் கும்மிடிப்பூண்டியின் மே மாத மதியத்தில் சற்று வேகமாகத்தான் பறந்தாக வேண்டும். இன்னொரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா, எடையைக் குறைக்க?

ஆகவே இளங்காற்றில் ஏரிக்கரைக்கு என் தீர்ப்பு ஒன்றுதான்: இறக்கைச் சுமை 15-க்குள், இறக்கை நீளம் ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள். இந்த இரண்டில் முதலாவதை எதற்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எதை வாங்குகிறார்கள்? இரண்டு மீட்டர் இறக்கை, மூக்கில் மடங்கும் விசிறி, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. வோலன்டெக்ஸ் ஃபீனிக்ஸ் 2000 அந்த இனம், ரேடியன் அந்த இனம். அருமையான விமானங்கள், சந்தேகமே இல்லை. மோட்டாரைப் போட்டு மேலே ஏறி, அணைத்துவிட்டு, வெப்பக்காற்றைத் தேடி அலைய அவற்றைப்போல எதுவும் இல்லை. பெரிய வெற்று மைதானம் கிடைத்தால் அவற்றையே வாங்குங்கள். ஆனால் நாலு மீட்டர் கரைக்கு அவை பெரிது, வேகம் அதிகம். திரும்ப இடம் போதாது.

கரைக்கென்றே பிறந்தது வேறு இனம். அமெரிக்காவின் மைக்கேல் ரிக்டர் வடிவமைத்த அலுலாவைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இறக்கை நீளம் 900 மில்லிமீட்டர், எடை 200 கிராமுக்குள். பார்த்தால் கடற்பறவை! வாலே கிடையாது. இறக்கையின் மடல்களை அசைக்கும் சர்வோ இரண்டே இரண்டு. இறக்கை நுனியை விரலில் பிடித்துச் சுழற்றி வீசலாம். கடற்கரையில் மணல் திட்டின் விளிம்பிலேயே அதை மிதக்கவிடுகிறார்கள். இதன் பொருள் ஈ.பி.பி. என்கிற ஒரு நுரை. கார் பம்பருக்குள் அடியைத் தாங்குவதற்காக வைக்கிற அதே பொருள்! ஒரு கன மீட்டர் வெறும் 20 கிலோ வாக்கில்தான் எடை. நசுக்கினால் திரும்ப எழும்பிவிடும். கரையில் மோதினால் தெர்மாகோல் உடையும், பால்சா மரம் நொறுங்கும், ஈ.பி.பி. துள்ளி எழுந்து நிற்கும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடப் பெரிய வரம் உண்டா?

இன்னொரு இனம் டி.எல்.ஜி., அதாவது டிஸ்கஸ் லாஞ்ச் கிளைடர். இறக்கை நுனியில் ஒரு சிறு முளை இருக்கும். அதை விரலில் மாட்டிக்கொண்டு, வட்டெறிகிறவர்போல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி விட்டால் கிளைடர் சீறிக்கொண்டு மேலே போகும். தேர்ந்தவர்கள் 60 மீட்டருக்கு மேலே அனுப்புகிறார்கள், வெறும் தோள் பலத்தில்! உலகப் போட்டி விதிப்படி இந்த வகையின் இறக்கை ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. போட்டிக்கான கார்பன் இழை மாடல்கள் விலை பயமுறுத்தும், முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம். நுரையில் செய்த ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர் டி.எல்.ஜி.க்கள் இருக்கின்றன. கரை தூக்காவிட்டாலும் இதைக் கையால் மறுபடி மறுபடி மேலே அனுப்பலாம் என்பதால், காற்று வருவதும் நிற்பதுமாக இருக்கிற நாட்களில் மற்றவர்கள் சும்மா நிற்கும்போது இது மட்டும் பறந்துகொண்டிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் இந்தியா முழு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. ரேடியோவோடு வரும் கிளைடர் சுங்கத்தில் அந்தக் கேள்விக்குள் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. எனக்கு இது கெட்ட செய்தியாகவே தெரியவில்லை. பாகங்களை இங்கே வாங்கி நாமே செய்துகொள்ளலாமே!

செய்வது எவ்வளவு எளிது தெரியுமா? கல்யாண மேடைக்குத் தெர்மாகோலில் மணமக்கள் பெயர் வெட்டுகிறார்களே, அந்தச் சூடான நிக்ரோம் கம்பிதான் இறக்கையையும் வெட்டுகிறது. இறக்கையின் குறுக்கு வடிவத்துக்கு மெல்லிய பலகையில் இரண்டு அச்சு, இரண்டு கைகள், ஒரு பேட்டரி. வெட்டிய நுரையில் ஒரு கார்பன் குச்சியைப் பதித்து, மேலே இழை டேப் ஒட்டினால் இறக்கை தயார். அதுவும் கஷ்டம் என்றால் தட்டையான நுரைத்தகடு போதும். அதன் மேல்பரப்பில் முன்பாதிக்கு மட்டும் இன்னொரு தகட்டை ஒட்டி, நடுவில் ஒரு படி விட்டுவிடுங்கள். அந்தப் படி வைத்த இறக்கைக்கு 1972-இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்திருக்கிறார்கள்! ரிச்சர்ட் க்ளைன், ஃப்ளாய்ட் ஃபோகில்மன் என்ற இருவர் வாங்கினார்கள். அது எதிலிருந்து பிறந்தது தெரியுமா? காகித விமானத்திலிருந்து! வழவழப்பான இறக்கையைவிட இது கொஞ்சம் அதிகமாகக் காற்றை இழுக்கும்தான். ஆனால் ஒரே மாலையில் செய்துவிடலாம். வேகம் குறைந்து விழப்போகிற நேரத்திலும் முரண்டு பிடிக்காமல் மெதுவாகத் தலையைத் தாழ்த்தும்.

செலவு? பெரிய செலவு ரேடியோதான். ஃப்ளைஸ்கை ஐ6 போன்ற ஆறு சேனல் ட்ரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் சேர்த்து நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கிறது. அடுத்து வரும் எல்லாக் கிளைடருக்கும் அதே ரேடியோ போதும் என்பதால் இது ஒருமுறைச் செலவு. 9 கிராம் சர்வோ ஒன்று நூறு ரூபாய்க்கு முன்னே பின்னே. இரண்டு போதும். சிறிய பேட்டரி, நுரை, டேப், குச்சி எல்லாம் சேர்த்து இன்னும் ஓர் ஆயிரம். ஆக ஆறேழாயிரத்துக்குள் வானம்! ரேடியோ ஏற்கெனவே கையில் இருந்தால் ஆயிரத்துச் சொச்சத்தில் அடுத்தது. மோட்டார் இல்லாததால் ஒரு சின்ன லித்தியம் பேட்டரி சர்வோக்களை மட்டும்தான் இயக்க வேண்டும். மாலை முழுக்கத் தாங்கும்.

அந்த ரேடியோவுக்குள் ஒரு திரைப்பட நட்சத்திரம் ஒளிந்திருக்கிறார் என்றால் நம்புவீர்களா? ஹாலிவுட்டின் ஹெடி லமார், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைல் என்ற இருவரும் 1942 ஆகஸ்டில் ஒரு காப்புரிமை பெற்றார்கள். டார்பிடோவுக்குப் போகிற ரேடியோ கட்டளையை எதிரி குறுக்கிட்டுக் கெடுக்காமலிருக்க, அலைவரிசையை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு. மொத்தம் 88 அலைவரிசைகள், ஏனென்றால் பியானோவில் 88 கட்டைகள்! இன்று நம் கையிலுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவும் அதே கொள்கையில்தான் தாவித் தாவிப் பேசுகிறது. பக்கத்துத் தொழிற்சாலையில் நூறு வைஃபை ஓடினாலும் உங்கள் கிளைடர் உங்கள் பேச்சை மட்டும் கேட்பதற்கு இதுதான் காரணம்.

காற்றைப் படிக்க யாரிடம் கற்பது? சிப்காட்டுக்கு மேலே வட்டமிடும் கரும்பருந்துகளிடம்! தகரக் கூரைகளும் தார்ச்சாலைகளும் வெயிலில் காய்ந்து வெப்பக்காற்றை மேலே அனுப்பும். பருந்து அதில் சிறகடிக்காமல் ஏறும். புகைபோக்கியின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தால் காற்றின் திசையும் வேகமும் இரண்டு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். மேற்கே சாய்ந்த புகை நிமிர்ந்து நிற்கத் தொடங்கினால் கடற்காற்று தளர்கிறது என்று அர்த்தம்.

பறவை சிறகடிக்காமல் எப்படி மிதக்கிறது என்ற கேள்வியை உலக விஞ்ஞானத்தின் முன் வைத்ததில் இந்தியப் பறவைகளுக்குப் பெரிய பங்கு உண்டு, தெரியுமா? அஸ்ஸாமில் கூழைக்கடாக்கள் சிறகை விரித்தபடி வட்டமிட்டு ஏறுவதைப் பார்த்த பீல் என்பவர் 1880-இல் நேச்சர் இதழுக்கு எழுதினார். அதை எடுத்துக்கொண்டு, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரேலி பிரபு 1883-இல் அதே இதழில் பதில் எழுதினார். சிறகடிக்காத பறவை உயரம் இழக்காமல் இருக்கிறது என்றால் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும் என்றார். பறவை கிடையாகப் போகவில்லை, அல்லது காற்று கிடையாக வீசவில்லை, அல்லது காற்று எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வீசவில்லை. இரண்டாவதுதான் நம் ஏரிக்கரை. மூன்றாவதுதான் லிசன்பியின் 882 கிலோமீட்டர்! ஒரே கட்டுரையில் இரண்டுக்கும் விதை இருந்திருக்கிறது. ஆக்ராவில் பணியாற்றிய ஹான்கின் என்ற நுண்ணுயிரியலாளர் பருந்துகளையும் கழுகுகளையும் வருடக்கணக்கில் கவனித்து 1913-இல் ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார். அந்தக் கூழைக்கடாக்களின் உறவினர்கள் இன்றும் பழவேற்காடு ஏரிக்கு மேலே வட்டமிடுகின்றன. நேரம் கிடைத்தால் கிளைடர் இல்லாமல் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கிளைடரோடு மட்டும் போகாதீர்கள். அது பறவைகள் சரணாலயம், பூநாரைகளை விரட்டிவிட்டு நாம் பறக்க வேண்டியதில்லை.

அதே ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, 2016 மே 23 காலையில் என்ன புறப்பட்டது தெரியுமா? ஒரு கிளைடர்! இஸ்ரோவின் ஆர்.எல்.வி.–டி.டி. ஆறரை மீட்டர் நீளம், 1.75 டன் எடை, இரண்டு இறக்கைகள். ராக்கெட் தூக்கிவிட்டதில் அது 65 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டது. அங்கிருந்து ஒலியைப்போல ஐந்து மடங்கு வேகத்தில், எஞ்சின் இல்லாமல், தானே திசை பார்த்துக் கொண்டு வங்காள விரிகுடாவை நோக்கி இறங்கியது. புறப்பட்டதிலிருந்து கடலைத் தொடும்வரை மொத்தம் 770 விநாடிகள்தான். கும்மிடிப்பூண்டிக்காரர்கள் தங்கள் ஊர் வானத்தைப் பற்றிப் பெருமைப்பட இது ஒன்று போதாதா?

அந்த அண்டை வீட்டுக்காரர் இருப்பதால்தான் இங்கே விதிகளைப் பார்த்து நடக்க வேண்டும். ட்ரோன் விதிகள் 2021-இன்படி 250 கிராம் வரை நானோ வகை. அதை இயக்கப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அலுலா போன்றதும், கவனமாகச் செய்த ஒரு மீட்டர் கிளைடரும் இந்த எடைக்குள் அடங்கிவிடும். இலேசாகச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்! ஆனால் எந்த எடையானாலும் சிவப்பு மண்டலத்தில் பறக்கக் கூடாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் ஏரி பச்சையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பையைத் தூக்குங்கள். பூண்டி நீர்த்தேக்கம், 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் எல்லாம் சென்னையின் குடிநீர், காவல் உள்ள இடங்கள். அந்தக் கரைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆசைப்பட வேண்டாம். சின்ன ஊர் ஏரி போதும். ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வேடிக்கை பார்க்கக் கூட்டமும் கிடைக்கும்.

மின்கம்பிகள்! வடசென்னை அனல்மின் நிலையப் பக்கத்திலிருந்து கிளம்பும் உயரழுத்தக் கம்பிகள் இந்தப் பகுதி வயல்களுக்கு மேல் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. கார்பன் குச்சியில் மின்சாரம் பாயும். கம்பி ஓடுகிற கரை வேண்டவே வேண்டாம். கிளைடர் கம்பியில் மாட்டினால் அதை அங்கேயே விட்டுவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். ஆறாயிரம் ரூபாய் ஓர் உயிருக்கு ஈடாகாது.

கரையில் பனைமரங்கள் வரிசையாக நின்றால் காற்று கிழிந்துதான் வரும். நூறு இருநூறு மீட்டர் மரமில்லாத இடம் தேடுங்கள். கரைக்குப் பின்பக்கம் போகவே கூடாது. அங்கே காற்று சுருண்டு கீழே அமுக்கும், மேலே தூக்கிய அதே காற்று!

வீசுவதற்கு முன் சி.ஜி. எனும் எடைமையத்தைச் சரிபாருங்கள். இறக்கையின் கீழே இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் மூக்கு ஒரு சொட்டுத் தாழ்ந்து நிற்க வேண்டும். வால் கனத்தால் எந்த விமானமும் பறக்காது. மூக்கில் ஏற்ற எடை வேண்டுமா? பழவேற்காட்டு மீனவர்கள் வலையில் கோக்கிற ஈயக்குண்டு இருக்கிறதே, அதைவிடச் சிறிய இடத்தில் அதிக எடை வேறு எதிலும் மலிவாகக் கிடைக்காது. அதே ஈயம் இன்னொரு வேலையும் செய்யும். காற்று பலத்து, கிளைடர் முன்னே போக முடியாமல் பின்வாங்கத் தொடங்கினால், எடைமையம் இருக்கும் இடத்திலேயே நாற்பது ஐம்பது கிராம் ஈயத்தை டேப்பால் ஒட்டுங்கள். எடை கூடினால் வேகம் கூடும், காற்றைக் கிழித்துப் போகும். இலேசான கிளைடரைத் தேவைப்பட்டபோது கனமாக்கலாம். கனமானதை இலேசாக்க வழியே கிடையாது.

வீசும்போது காற்றுக்கு நேர் எதிரே, மூக்கை நிமிர்த்தாமல், கிடையாகத் தள்ளுங்கள். ஐந்தாறு மீட்டர் முன்னே போனதும் கரைக்கு இணையாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முனையிலும் திரும்புவது வயலை நோக்கித்தான், கரையை நோக்கி ஒருபோதும் இல்லை. கடற்காற்று வழக்கமாக நண்பகலுக்குப் பிறகு நுழைகிறது. ஜூனில் மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் இன்னும் தாமதிக்கும், சில நாள் வராமலே போகும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மூன்று மணிக்குக் கரையில் இருந்தால் அநேகமாக ஏமாற்றம் இருக்காது.